பாட்டுக்கு ஒரு பெட்டி, பேச்சுக்கு ஒரு பெட்டி

பாட்டுக் கேட்பதற்குக் கைத்தொலைபேசி நல்லதா, பாட்டுக்கென்றே செய்த தனிப் பெட்டி நல்லதா என்று இன்று யாரும் வாதாடுவதில்லை. அந்த வாதம் முடிந்து போன் வென்றுவிட்டது. ஐபொட் என்ற பெயரில் உலகமெல்லாம் விற்ற பாட்டுப் பெட்டியை அப்பிள் கம்பனி 2022ஆம் ஆண்டு மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. அக்கரப்பத்தனை டவுனில் கடைக் கண்ணாடிக்குள் தொங்கிய சின்னச் சின்ன எம்.பி.3 பெட்டிகளையும் இப்போது காண்பதில்லை.

அந்த வாதம் சூடாக நடந்த வருடங்களில் அது எங்கள் லயத்துக் காம்பராவுக்குள்ளும் நடந்தது. என் சின்னம்மாவின் மகனுடைய குரலை எதில் வைப்பது என்பதுதான் எங்கள் வாதம். இதை வாசிக்கும் சகோதரிகளில் பலரிடமும் இப்படி ஒரு குரல் எங்காவது ஒரு பழைய கசெட்டிலோ, உடைந்த போனிலோ இருக்கலாம். ஆகையால் சில விபரங்களைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகிற வழியில் இருக்கிறது. அம்மாவும் சின்னம்மாவும் அங்கேதான் பிறந்தார்கள். 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. சின்னம்மாவும் சித்தப்பாவும் அப்படிப் போய், கிளிநொச்சி மாவட்டத்தில் தருமபுரத்தில் குடியேறினார்கள். அம்மா தோட்டத்திலேயே பேர் பதிந்து கொழுந்து எடுத்தார். அதன் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டதை விரல் விட்டு எண்ணலாம்.

1990களில் வடக்கே கொண்டுபோகக் கூடாது என்று தடுத்த சாமான்களில் பற்றறியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோ கேட்ட கதையை வடக்கில் வாழ்ந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு அது சின்னம்மா சொல்லித்தான் தெரியும். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்களாம். சுற்றுகிற கை சோர்ந்தால் கசெட்டில் பாடுகிறவரும் சோர்ந்து இழுப்பாராம். அதைச் சொல்லும்போது மட்டும் சின்னம்மாவுக்குச் சிரிப்பு வரும்.

2002இல் யுத்த நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தது. அடுத்த வருடம், வவுனியாப் பக்கம் போய் வந்த உறவுக்காரர் ஒருவர் கையில் சின்னம்மா ஒரு கசெட்டைக் கொடுத்தனுப்பினார். சித்தப்பாவுக்குச் சுகமில்லை, வர முடியவில்லை, அதனால் எல்லோரும் பேசி அனுப்புகிறோம் என்று. கடிதத்துக்குப் பதில் கசெட் அனுப்புவது எங்கள் லயத்துக்குப் புதிதல்ல. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள், எழுதத் தெரியாததாலோ எழுதினால் மனம் ஆறாததாலோ, கசெட்டில் பேசி அனுப்புவார்கள். வாசலில் பத்துப் பேர் கூடிக் கேட்போம். அழ வேண்டிய இடத்தில் எல்லோரும் சேர்ந்து அழுவோம்.

சின்னம்மா அனுப்பிய கசெட்டில் ஒரு பக்கம் சினிமாப் பாட்டு. மறு பக்கத்தில் பாட்டை அழித்து 22 நிமிடம் பேசியிருந்தார்கள். சின்னம்மா பேசினார், இருமி இருமிச் சித்தப்பா பேசினார், தங்கச்சி பேசினாள். கடைசியில் தம்பி. அப்போது அவனுக்கு 13 வயது. குரல் உடைகிற பருவம். முதலில் வெட்கப்பட்டு, யாரோ முதுகில் தட்ட, "அம்மாயி, அங்க பயங்கரக் குளிராமே. நான் வந்தா ஒங்க கம்பளிக்குள்ளதான் படுப்பேன்" என்று தொடங்கினான். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. ஆடு குட்டி போட்டது, பள்ளிக்கூடத்தில் ஓடி இரண்டாவதாக வந்தது, எல்லாம் சொன்னான். நடுவில் சேவல் கூவியது.

கேட்டு முடிந்ததும் அம்மா செய்த முதல் வேலையை நான் இன்றும் மெச்சுகிறேன். கசெட்டின் பின் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அம்மா அவற்றை ஊக்கால் நெம்பி உடைத்துவிட்டார். அவை உடைந்தால் மெஷினில் ரெக்கோட் பட்டன் அமுங்காது. தவறியும் அதன்மேல் யாரும் பாட்டுப் பிடிக்க முடியாது. மூன்றாம் வகுப்புவரை படித்தவர் அம்மா. அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் சவூதியிலிருந்து அந்த மெஷினைக் கொண்டுவந்த பெரியம்மா மகள்.

2006 ஆகஸ்டில் வீதி மூடியது. அதன் பின் நடந்ததை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சித்தப்பா இடம்பெயர்ந்த வழியிலேயே இறந்துபோனார். 2009 ஏப்ரலில் புதுமாத்தளன் பக்கத்தில் தம்பி சின்னம்மாவின் கண்ணிலிருந்து மறைந்தான். அவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சின்னம்மாவும் தங்கச்சியும் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, 2010இல் வெளியே வந்து, முதல் வேலையாக அக்கரப்பத்தனைக்கு வந்தார்கள். அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வாங்குமுன் சின்னம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அக்கா, அந்தக் கசெட்டு இருக்கா?"

படங்கள், பள்ளிக்கூட ரிப்போட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வழியில் போய்விட்டன. உலகத்தில் தம்பியின் அடையாளமாக மிச்சம் இருந்தது எங்கள் ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்த அந்த 22 நிமிடம்தான்.

கசெட் இருந்தது. பனி ஊரில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் அம்மா அதை வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். மெஷினின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் போட்டோம். இரைச்சலுக்குள்ளிருந்து அவன் வந்தான். சேவலும் கூவியது. சின்னம்மா அழுவார் என்று நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருக்க, அவர் அழவில்லை. "இன்னொருக்கா போடு" என்றார்.

அந்தக் குரலைச் சின்னம்மா தருமபுரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மெஷினோ பெரியது, பழையது, கரண்ட் வேண்டும். அவர் திரும்பிப் போகும் இடத்தில் தறப்பாள் கொட்டில்தான். டவுனில் கொமினிகேஷன் கடைக்காரத் தம்பியிடம் கேட்டபோது, மெஷினின் இயர்போன் ஓட்டையிலிருந்து ஒரு வயரைக் கம்பியூட்டருக்குக் கொடுத்து இதை எம்.பி.3 ஆக்கலாம் என்றார். கசெட்டில் அவசரப்படுத்த முடியாது. 22 நிமிடத்தை எடுக்க 22 நிமிடம் ஓடவிடத்தான் வேண்டும். எடுத்து முடிந்தபோது ஏறத்தாழ 21 மெகாபைட் இருந்தது. விரல் நகத்தளவு மெமரி சிப்பில் அது ஒரு மூலைக்கும் காணாது.

"இப்ப இத எதுல போடுறது, போன்லயா பிளேயர்லயா?" என்று அவர் கேட்டதும்தான் எங்கள் வாதம் தொடங்கியது.

தங்கச்சி போன் என்றாள். அவளிடம் அப்போது சைனா போன் ஒன்று இருந்தது. இரண்டு சிம், பெரிய ஸ்பீக்கர், ரேடியோ, டோர்ச் எல்லாம் அதில் உண்டு. ஏற்கெனவே ஒரு சாமான் இருக்க இன்னொன்றுக்கு ஏன் காசு என்பது அவள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. கடையிலிருந்த மிகச் சின்ன எம்.பி.3 பெட்டி 1500 ரூபா. 2009 ஒப்பந்தத்தின்படி தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் எல்லாப் படிகளும் சேர்த்து 405 ரூபா. நான்கு நாள் மலையேறினால்தான் அந்தப் பெட்டி. முகாமிலிருந்து வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று சொல்ல வேண்டியதில்லை.

சின்னம்மா தனிப் பெட்டிதான் வேண்டும் என்றார். ஏன் என்று முதலில் சொல்லவில்லை. பழைய காலத்து மனுஷி, போனை அமுக்கத் தெரியாது, அதனால்தான் என்று தங்கச்சி நினைத்தாள். அன்று இரவு தங்கச்சியின் போனிலேயே அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். தம்பி ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லுகிற இடத்தில் போன் அடித்தது. குரல் பட்டென்று நின்றது. யாரோ நிவாரணப் பதிவு விடயமாக எடுத்திருந்தார்கள். தங்கச்சி பேசி முடித்துத் திரும்பப் போட்டாள். அது முதலிலிருந்து தொடங்கியது.

"இதுக்குத்தாண்டி வேணாங்கிறேன்" என்றார் சின்னம்மா. "புள்ள பேசிக்கிட்டு இருக்கும்போதே நிப்பாட்டிருது."

அதற்குப் பிறகு தங்கச்சி வாய் திறக்கவில்லை. அடுத்த நாளே பெட்டி வாங்கினோம்.

இந்த இடத்தில் வெளியுலகத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டுப் பெட்டியைக் கையோடு கொண்டு திரியலாம் என்று உலகத்துக்குக் காட்டியது சோனி கம்பனியின் வோக்மன். 1979 ஜூலையில் ஜப்பானில் வந்தது. அந்த முதல் வோக்மனில் இயர்போன் ஓட்டை இரண்டு இருந்தன. கம்பனியின் தலைவர் அக்கியோ மொரிட்டா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாகக் கேட்டாராம். தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவிக்குக் கோபம் வந்ததாம். அதனால்தான் இரண்டு பேர் சேர்ந்து கேட்க வழி வைக்கச் சொன்னதாக அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஒரு பெண்ணின் கோபம் ஒரு மெஷினின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது! பின்னால் வந்தவற்றில் அந்த இரண்டாவது ஓட்டை காணாமல் போயிற்று. நாங்கள் மட்டும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொண்டு கேட்போம்.

2001 அக்டோபரில் ஐபொட் வந்தது. ஆயிரம் பாட்டு சட்டைப் பையில் என்றார்கள். போன் கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 2005இல் சோனி எரிக்சன் வோக்மன் என்ற பெயரையே போட்டு ஒரு போனை விட்டது. அதே வருடம் மோட்டரோலாவும் அப்பிளும் சேர்ந்து ஒரு பாட்டு போனைச் செய்தன. அதில் 100 பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாதபடி கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தங்கள் பாட்டுப் பெட்டியின் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம்தான் என்று அப்போதே பலர் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. 2007இல் அப்பிளே தன் ஐபோனுக்குள் பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டது. 2008இல் ஒரே வருடத்தில் 5 கோடிக்கு மேல் விற்ற ஐபொட் அதற்குப் பிறகு இறங்கு முகம்தான். இரண்டு சாமானைச் சுமக்க யாருக்கு ஆசை?

எங்கள் பக்கத்தில் இந்தப் பெரிய பெயர்கள் எதுவும் வரவில்லை. முதலில் வந்தது நோக்கியா 1100. பாட்டுக் கிடையாது, டோர்ச் உண்டு. இருட்டில் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு அதுவே பெரிய உபகாரம். பாட்டு போன் வந்தபோது அது ஆண்கள் கையில் வந்தது. கொழும்புக் கடையில் நிற்கும் மகன் வாங்கி அனுப்புவான், அப்பா வைத்திருப்பார். வீட்டுக்காரி அதைத் தொட்டால் யாருக்கு எடுத்தாய், யார் எடுத்தார்கள் என்று கேள்வி வரும். பெட்டிக்கு அந்தக் கேள்வி இல்லை. அதில் யாரும் கூப்பிட முடியாது, ரீலோட் போட வேண்டியதில்லை, பேச்சுக் கேட்கவும் வேண்டியதில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது போனில் பேசினால் கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார். கழுத்தில் தொங்கும் பெட்டியில் பாட்டுக் கேட்டால் இரண்டு கையும் வேலை செய்வதால் பேசாமல் போய்விடுவார். எங்கள் லயத்தில் நான்கைந்து பெண்கள் அப்படி வைத்திருந்தார்கள். மழைக்குச் சொப்பிங் பையில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொள்வார்கள். ரேடியோவும் உள்ள பெட்டி என்றால் இயர்போன் வயர்தான் ஏரியல். மலை மறைத்தால் எஃப்.எம். போய்விடும், அடுத்த நிரைக்கு நகர்ந்தால் திரும்ப வரும்.

சின்னம்மாவின் பெட்டியில் பாட்டு ஒன்றுகூட இல்லை. கடைக்காரத் தம்பி, "சும்மா கெடக்குற எடத்துல ஒரு எரநூறு பாட்டுப் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார். யுத்தம் முடிந்த அந்த நாட்களில் சிப்பில் என்ன பாட்டு இருக்கிறது என்பதும் ஒரு பயம்தானே. திரும்பிப் போகும் வழியில் சோதனைச் சாவடி ஒன்றில் பெட்டியை வாங்கி இயர்போனைக் காதில் வைத்துப் பார்த்தார்களாம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "யாரு?" என்று மட்டும் கேட்டு, திருப்பிக் கொடுத்தார்களாம்.

அந்த மலிவுப் பெட்டி மூன்று வருடம்கூட உழைக்கவில்லை. உள்ளேயிருந்த பற்றறி ஊதிப் பின்பக்கம் பிளந்துவிட்டது. அதைத் திறந்து வேறு பற்றறி போடவும் முடியாது. தங்கச்சி பதறிப்போய் எங்களுக்கு எடுத்தாள். ஆனால் குரல் இருந்தது சிப்பில்தான். பெட்டி வெறும் கூடு. சிப்பைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டதும் தம்பி மறுபடி கம்பளிக்குள் படுக்க வந்துவிட்டான். அதே காலத்தில் தங்கச்சியின் போனும் கிணற்றடியில் விழுந்து செத்தது. அவள் எடுத்த படங்கள் எல்லாம் போனின் சொந்த மெமரியில் இருந்தன. போனோடு போயின.

இதில் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இருக்கிறது. பழைய போனில் ஒரு குரலோ படமோ இருந்தால், அது போனுக்குள் இருக்கிறதா சிப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போனுக்குள் என்றால், போன் உயிரோடு இருக்கும்போதே சிப்புக்கு மாற்றுங்கள். பழைய போன்களில் பேசிப் பதிந்த குரல் ஏ.எம்.ஆர். என்ற வகையில் இருக்கும். சில பெட்டிகளில் அது ஓடாது, கடையில் கொடுத்து எம்.பி.3 ஆக்கிக்கொள்ளலாம். பழையதை அழிக்க வேண்டாம். சிப்பும் சாகாவரம் பெற்றதல்ல. வருடக்கணக்கில் மூடி வைத்தால் அதிலுள்ளது அழியக்கூடும். ஆகவே வேறொரு ஊரில், வேறொரு வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். கசெட்டில் அம்மா உடைத்த அந்தத் துண்டைப் போல ஒன்று போனில் இல்லை. ஒரு குழந்தை விளையாட்டாக அமுக்கினாலும் போய்விடும்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது சின்னம்மாவும் போய் உட்கார்ந்தார். மற்றத் தாய்மார் மடியில் மகனின் படம் இருந்தது. சின்னம்மாவிடம் படம் இல்லை. யாராவது வந்து கேட்டால் சட்டைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து, இயர்போனில் ஒரு காதைத் தானும் வைத்து, மற்றதை அவர்களிடம் நீட்டுவாராம். 19 வயதில் காணாமல் போனவன் 13 வயதுக் குரலில் பேசுவான். கேட்டவர்களில் சிலர், என் பிள்ளையின் குரல் எனக்கு மறந்துகொண்டு வருகிறது என்று அழுதார்கள் என்று தங்கச்சி சொன்னாள். ஒரு தாய் தினமும் வந்து அந்தச் சேவல் கூவுகிற இடம்வரை கேட்டுவிட்டுப் போவாராம்.

சின்னம்மா 2021இல் காலமானார். கொரோனாக் காலம், எங்களால் போக முடியவில்லை. பெட்டி தங்கச்சியிடம் வந்தது. இப்போது அவளிடம் பெரிய தொடுதிரை போன் இருக்கிறது. தம்பியின் குரல் அதிலும் இருக்கிறது, வட்ஸ்அப்பில் எனக்கும் அனுப்பியிருக்கிறாள். என் மகள் அதைத் தன் கம்பியூட்டரிலும் போட்டு வைத்திருக்கிறாள். போனில் விமான நிலையில் போட்டுக் கேட்டால் அழைப்பு குறுக்கிடாது என்றும் என் மகள் தங்கச்சிக்குக் காட்டிக் கொடுத்தாள். இதை 2010இல் யாராவது சொல்லியிருந்தால் சின்னம்மா போனுக்குச் சம்மதித்திருப்பாரா என்று யோசித்துப் பார்த்தேன். சம்மதித்திருக்கமாட்டார். போன் வீட்டில் எல்லோருக்கும் பொது. பிள்ளை பாடத்துக்குக் கேட்பான், மருமகன் ஒரு அவசரத்துக்கு எடுத்துப் போவான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில் தங்கச்சி வீட்டில் போனில் யாரையும் பாட்டுப் போட விடவில்லையாம். சார்ஜ் போய்விட்டால் அவசரத்துக்கு என்ன செய்வது? அந்த இருட்டில் அவள் கேட்டது அம்மாவின் பெட்டியில்தான்.

கசெட்டை மட்டும் நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. அதைப் போட்டுக் கேட்க எங்கள் லயத்தில் இப்போது ஒரு மெஷினும் இல்லை. தைப் பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது அம்மா அதை வெளியே எடுத்து, நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஓட்டையில் பென்சிலை விட்டு ஒரு தடவை முழுதாகச் சுற்றி, திரும்ப வேட்டித் துணிக்குள் வைக்கிறார்.